பேய் வெளுத்த இரண்டு நொடி

என் அத்தைக்குப் பழைய பேய்க் கார்ட்டூன்களை ரசிக்கிறவர்களைக் கண்டால் ஆகாது. அவற்றைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்களைக் கண்டால் சுத்தமாக ஆகாது. எடுத்தவர்களை மட்டும் ஓரளவு பொறுத்துக்கொள்வாள். அவர்களில் பெரும்பாலோர் இப்போது உயிரோடு இல்லை.

அவளும் எடுத்தவர்களில் ஒருத்தி. பத்தொன்பது வருடம் ஒரு கார்ட்டூன் கம்பெனியில் வேலை பார்த்தாள். மூன்று மாடிக் கட்டடம். மேல் மாடியில் ஓவியர்கள், நடு மாடியில் நீள மேசைகளில் நாற்பது பெண்கள், கீழே கேமரா அறை, அதற்குப் பின்னால் கழுவும் அறை. மேல் மாடிக்காரர்கள் காகிதத்தில் பென்சிலால் பேயை வரைவார்கள். நடு மாடிப் பெண்கள் அதன்மேல் கண்ணாடித் தாளை வைத்து மையால் கோடு இழுப்பார்கள். பிறகு தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் வர்ணம் நிரப்புவார்கள். ஒரு நொடிக்கு இருபத்துநாலு படம். அந்த நாற்பது பேருக்கும் டப்பா டப்பாவாக வர்ணம் கலக்கிக் கொடுத்தவள் என் அத்தை.

பத்திரிகைப் பேட்டியெல்லாம் மேல் மாடிக்காரர்களுக்குத்தான். "கை நடுங்கற அளவுக்குக் குடிச்சிட்டு வந்து கோணல்மாணலா கோடு போட்டான். அதுக்குப் பேரு ஸ்டைலாம்" என்பாள் அத்தை.

பேயைப் பயமாகக் காட்டுவது பேயின் பல் அல்ல, பக்கத்துச் சுவரின் நிறம் என்பது அவள் கட்சி. அந்தப் படங்களில் சுத்தக் கறுப்பு எங்கேயும் கிடையாது. நாம் இருட்டு என்று நினைப்பது கரும்பச்சையும் அழுக்குச் சிவப்பும் கலந்த ஒரு நிறம். கண் அதற்குள் போய்க்கொண்டே இருக்கும். கறுப்பை அப்பினால் கண் முட்டி நின்றுவிடும். நின்ற கண்ணுக்குப் பயம் வராது. இதைத் தெரிந்துகொண்டு இப்போதைய படங்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். அத்தை ஒருமுறை என் கைப்பேசியில் ஒன்றைப் பார்த்தாள். அரை நிமிடம் கூடத் தாங்கவில்லை.

"தார் டின்னைக் கவுத்துட்டு அதுல ரெண்டு பல்பை மாட்டியிருக்கான். இதுக்கு முந்நூறு பேர் வேலை பார்த்தாங்களா?"

சுவரைவிடச் சிரமமானது பேயின் சாம்பல் நிறம். கேமராவுக்கு அடியில் ஒரு தாள் மட்டும் இருக்காது. அடியில் பேய், அதன்மேல் விளக்கு, அதற்கும் மேல் குழந்தை என்று மூன்று நான்கு தாள்கள் அடுக்கியிருக்கும். கண்ணாடி போலத் தெரிந்தாலும் ஒவ்வொரு தாளும் கீழே இருப்பதைக் கொஞ்சம் மங்கலாக்கும், கொஞ்சம் பழுப்பாக்கும். ஆகவே அடித் தாளில் வருகிற பேய்க்கு வெளிறிய சாம்பல், மேல் தாளில் வருகிற பேய்க்குக் கறுத்த சாம்பல். அப்படிக் கலந்தால்தான் திரையில் இரண்டும் ஒரே பேயாகத் தெரியும். ஒரு பேய்க்கு நான்கு டப்பா, நான்கு நம்பர். அளவுகளை ஒரு நீல அட்டை நோட்டில் எழுதி வைத்திருந்தாள். இந்த நுணுக்கம் எந்த ரசிகனுக்கும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த இரண்டு நொடிதான்.

பத்து நிமிடப் படம் அது. ஒரு படுக்கையறை மூலையில் ஒரு பேய் நிற்கிறது. எதிர்ப்பக்கம் கட்டிலில் ஒரு குழந்தை. பேய் என்னென்னவோ செய்து பார்க்கிறது, குழந்தை பயப்படவில்லை. கடைசியில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பேய்க்கு முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்துவிடுகிறது. பேய் அப்படியே நிற்கிறது, அங்கியின் ஓரம் மட்டும் ஆடுகிறது. அப்போது இரண்டே நொடி பேய் வெளுத்துப்போகிறது. பிறகு பழைய நிறம் வந்து, மெல்ல நகர்ந்து, மூலைக்குள் மறைந்துவிடுகிறது.

இந்த வெளுப்பைப் பற்றி எழுதப்பட்ட குப்பையை ஒரு லாரியில் ஏற்றலாம். பேயின் துக்கம் என்றார் ஒருவர். குழந்தைப் பருவம் முடிகிற கணம் என்றார் இன்னொருவர். ஒரு பேராசிரியர் அதை வைத்தே பட்டம் வாங்கினார். நான் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த ஏழு வருடத்தில் ஒரு படகுத்துறையில் ஓர் ஆளைப் பார்த்தேன். வெளுத்த பேயைப் புஜத்தில் பச்சை குத்தியிருந்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் தன் அப்பா நினைவு வருவதாகச் சொன்னான். அது என் அத்தை டப்பாவை மாற்றிக் கொடுத்ததால் வந்த வினை என்று நான் அவனிடம் சொல்லவில்லை. வீட்டில் எங்களுக்கு அப்படித்தான் தெரியும்.

அது நடந்த விதம் இப்படி. காட்சியைப் படம் பிடித்த நான்கு நாள் கழித்துத்தான் பிலிம் கழுவி வந்தது. பேய் வெளுத்திருந்ததை முதலாளி பார்த்துவிட்டார். அதற்குள் அந்தத் தாள்களையெல்லாம் கழுவியாகிவிட்டது. கண்ணாடித் தாள் விலை அதிகம் என்று அந்தக் கம்பெனியில் படம் எடுத்த மறுநாளே வர்ணத்தைக் கழுவி, அதே தாளில் அடுத்த படத்தை வரைவார்கள். ஆகவே சரிபார்க்க ஒன்றுமில்லை. பேய் நிறம் மாறினால் வர்ணம் கலக்கியவள்தானே தப்பு செய்திருக்க வேண்டும்? முதலாளி அத்தையிடம் கேட்டார். தன் கைதான் தவறியிருக்கும் என்று அவளே நம்பிவிட்டாள். கலக்கும் மேசையை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டு அத்தையைக் கழுவும் அறைக்கு அனுப்பினார்கள். கம்பெனி மூடும்வரை ஆறு வருடம், மற்றவர்கள் நிரப்பிய வர்ணத்தை வெந்நீரில் தேய்த்துக் கழுவினாள். படத்தின் பெயர்ப் பட்டியலிலும் அவள் பெயர் இல்லை.

அத்தை கழுவும் அறைக்குப் போன அதே வருடம்தான் மாமா அவளைப் பெண் கேட்டு வந்தார். மாமா அதே கம்பெனியில் கேமராக்காரர். தலைக்கு மேலே தொங்குகிற கேமராவுக்கு அடியில் தாள்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு படமாக எடுக்கிற வேலை. மாமா நல்ல மனிதர் என்பது குடும்பத்தில் முடிந்த முடிவு. அதை முடிவு செய்தவரும் மாமாதான். வீட்டுக்கு யார் வந்தாலும் பேச்சு எப்படியாவது அந்தப் படத்துக்கு வந்து நிற்கும். உடனே மாமா முகத்தில் ஒரு கருணை படரும்.

"தப்பு யாருக்கும் வரும். நான் அதையெல்லாம் பார்க்கல. மனசத்தான் பார்த்தேன்."

அத்தை உள்ளே போய்விடுவாள். சமையலறையில் பாத்திரம் அவசியத்துக்கு மேல் சத்தம் போடும். முப்பது வருடத்துக்கு மேல் இந்தக் கருணையைச் சகித்துக்கொண்டவளுக்கு யார்தான் கோயில் கட்டப்போகிறார்கள்.

நான் திரும்பி வந்து அவர்கள் வீட்டுக் கூடத்தில் சோபாவில் படுத்துக்கொண்டிருந்தேன். அச்சகத்துக்கு மேலே இரண்டாவது மாடி. பகலெல்லாம் இயந்திரம் ஓடினால் தரை கிடுகிடுக்கும். "ஏழு வருஷம் உலகத்த சுத்திட்டு என்னடி கொண்டாந்தே? அழுக்குத் துணியா?" என்று அத்தை கேட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. பழைய படங்களைத் தூசி தட்டிப் புதுப்பிக்கிற ஒரு நிறுவனம். அந்தப் படத்தின் பிரதிகள் எல்லாம் நிறம் மங்கிவிட்டன. சரியான நிறம் என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. அத்தையிடம் ஒரு நோட்டு இருப்பதாகக் கேள்விப்பட்டார்களாம்.

 அத்தை ஒரு நிபந்தனை போட்டாள்.

"நோட்டு தரேன். நானே வந்து நிறம் சொல்றேன். ஆனா அந்த ரெண்டு நொடியைச் சரி பண்ணணும். பேய் வெளுக்கக் கூடாது."

அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். பத்தொன்பது வருட வேலையில் அவள் செய்ததாக உலகத்துக்குத் தெரிந்தது ஒரே ஒரு தப்பு, அதற்குத்தான் கைதட்டல். புதிய பிரதி வெளியே போய்விட்டால் அதுவே நிரந்தரம். வியாழக்கிழமையோடு வேலை முடிகிறது, அதன்பிறகு எதையும் தொட முடியாது என்றார்கள்.

"விட்டுடேன்" என்றார் மாமா. "ஊரே ரசிக்குது. உன் தப்புக்கு இப்படி ஒரு மரியாதை கிடைச்சிருக்கு. அதைப் போய் அழிப்பியா?"

"உங்களுக்குப் புரியாது."

"எனக்கா புரியாது? பக்கத்துலயே இருந்தவன் நான்."

புதன்கிழமை மூன்று பேரும் போனோம். கேமராக்காரர் என்ற மரியாதையில் மாமாவையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். நிறுவனத்தில் எங்களை வரவேற்றவருக்கு நாற்பது வயதிருக்கும். முடியைத் தூக்கிக் கட்டியிருந்தார். அத்தை அந்த நிமிடமே அவருக்குக் குடுமி என்று பெயர் வைத்துவிட்டாள். குடுமி அத்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மேடம், அந்த வெளுப்பு என் வாழ்க்கையையே மாத்திடுச்சு" என்றார்.

"அப்படியா? முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"வங்கியில வேலை மேடம்."

"அதுலயே இருந்திருக்கலாம்."

மாமா மட்டும் சிரித்தார். குடுமி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். இப்படிப்பட்ட ஆட்களை அவமானப்படுத்துவதும் சுலபமில்லை.

ஜன்னல் இல்லாத அறை. சாம்பல் பூசிய சுவர், ஒரு பெரிய திரை, ஏசி குளிர். அத்தை நோட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். பேய்க்குச் சாம்பல் இன்ன நம்பர், சுவருக்கு இத்தனை பங்கு பச்சை, இத்தனை பங்கு சிவப்பு என்று அவள் சொல்லச் சொல்ல, குடுமியின் ஆள் விசைகளைத் தட்டினார். மங்கிக் கிடந்த அறை மெல்ல ஆழம் கொண்டது. மூலை பின்னால் போயிற்று. பேய் அந்த இருட்டிலேயே ஊறிக் கிடந்த துணிபோல நின்றது. இதுதான் அந்தப் படத்தின் கலை என்று யாராவது அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். குடுமி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு நொடி வர வேண்டும்.

வந்தது. குழந்தை முதுகைக் காட்டியது. பேய் வெளுத்தது. குடுமி கண்ணை மூடிக்கொண்டார். படத்தைப் பார்க்கச் சம்பளம் வாங்குகிறவர் கண்ணை மூடிக்கொண்டு ரசித்தார்.

அத்தை அந்தக் காட்சியைக் கம்பெனி மூடியதிலிருந்து பார்த்ததில்லை. தொலைக்காட்சியில் வந்தால் எழுந்து போய்விடுவாள். இப்போது முன்னால் குனிந்தாள்.

"திரும்பப் போடுங்க."

போட்டார்கள்.

"இன்னொரு தடவை."

மூன்றாவது தடவை அவள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். நோட்டைத் திருப்பிப் பிடித்து, பேய் நிற்கிற மூலையை அட்டையால் மறைத்தாள். திரையில் கட்டிலும் குழந்தையும் மட்டும் மிஞ்சின.

"இப்ப ஓட்டுங்க."

"மேடம், பேயை மறைச்சிட்டா..."

"ஓட்டுங்கன்னேன்."

குழந்தையின் போர்வை எலுமிச்சை மஞ்சள். ஓடிக்கொண்டே இருந்த மஞ்சள் சட்டென்று ஒரு படி இறங்கியது. இரண்டு நொடி அழுக்கு மஞ்சளாக இருந்தது. பிறகு எலுமிச்சைக்குத் திரும்பியது. பேயை மறைத்ததும் எனக்குக்கூடத் தெரிந்தது. இத்தனை வருடமாக உலகம் பேயைப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தது, போர்வையை ஒருவர் கூடப் பார்க்கவில்லை.

அத்தை திரும்பி மாமாவைப் பார்த்தாள்.

"நான் டப்பாவ மாத்திக் கொடுத்திருந்தா பேய் மட்டுந்தானே மாறணும்? போர்வை ஏங்க இறங்குது?"

"எனக்கென்ன தெரியும்? உனக்குக் கண்ணு மங்கிப்போச்சு."

"பேய் அடித் தாள். குழந்தை மேல் தாள். பேய் மேல வந்து குழந்தை அடியில போனா, பேய் வெளுக்கும், போர்வை கறுக்கும். ரெண்டும் ஒரே நேரத்துல. டப்பா சரிதான். தாள்தான் இடம் மாறியிருக்கு."

 தாளை அடுக்குகிறவர் யார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. மாமா தேய்த்த சட்டையின் கஃப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அது ஒண்ணுன்னா கவனக்குறைவு" என்றாள் அத்தை. குரல் உயரவில்லை. "நாப்பத்தெட்டுப் படம் தப்பா போயிட்டு, நாப்பத்தொன்பதாவது எப்படிங்க தானா சரியாச்சு? பேயே எறங்கிப் போய் அடியில படுத்துக்கிச்சா?"

மாமா குடுமியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உதவி எங்கேயும் இல்லை.

"டீ வந்துச்சு" என்றார்.

"என்ன?"

"நடுவுல டீ வந்துச்சும்மா. தாளையெல்லாம் எடுத்து வெச்சிட்டுக் குடிச்சேன். திரும்ப அடுக்கறப்ப மாறிடுச்சு. கொஞ்சம் போனப்புறம்தான் பார்த்தேன். மாத்திட்டேன். எடுத்ததை அழிக்க முடியாதே, மொதல்லேர்ந்து எடுத்தா ரெண்டு நாள் வேலை. ரெண்டு நொடிதானே, யார் பார்க்கப் போறாங்கன்னு..."

"முதலாளி பார்த்தாரே. அப்ப சொல்ல வேண்டியதுதானே?"

"அப்ப நீ கழுவற ரூமுக்குப் போயிட்டியே."

என் வாழ்நாளில் நான் கேட்ட சாக்குகளில் இதற்கு ஈடு இல்லை. அவள் போனதற்குக் காரணம் அவர் சொல்லாதது. அவர் சொல்லாததற்குக் காரணம் அவள் போனது. அந்த வட்டத்துக்குள் மாமா முப்பது வருடம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து கருணை காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அதுக்கப்புறமாவது?"

"அப்புறம் கல்யாணம் பேசியாச்சு. சொன்னா நல்லாவா இருக்கும்?"

அத்தை நாற்காலியில் உட்கார்ந்தாள். நோட்டை மூடி மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். அழவில்லை. அவள் கைகளைத்தான் நான் பார்த்தேன். ஆறு வருட வெந்நீரில் விரல் நுனிகள் வழவழத்துப் போனவை. கைப்பேசியின் திரைப் பூட்டு அவள் ரேகையை இன்றைக்கும் ஏற்பதில்லை.

முதலில் பேசியது மாமாதான். குடுமியின் பக்கம் நகர்ந்து, குரலைத் தாழ்த்தி, "சார், அவ ஆசைப்பட்டபடியே அத சரி பண்ணிடுங்களேன். வெளுப்பே வேணாம். எதுக்கு வயசான காலத்துல மனஸ்தாபம்" என்றார். வீட்டில் இதே வாய்தான் ஊரே ரசிக்கிறது என்றது.

"தொடக் கூடாது" என்றாள் அத்தை.

"இல்ல, நீதானே..."

"ஒரு புள்ளி தொடக் கூடாது. என் தப்புன்னு நினைச்சுத்தான் அழிக்கச் சொன்னேன். இது என் தப்பில்ல. நான் எதுக்கு அழிக்கணும்?" குடுமியிடம் திரும்பினாள். "வெளுப்பு அப்படியே இருக்கட்டும். போர்வையும் அப்படியே இருக்கட்டும், அதைச் சரி பண்ணிக் கெடுத்துடாதீங்க."

குடுமிக்கு முகம் மலர்ந்தது. உடனே வாடியது. "ஆனா மேடம், இந்த டீ விஷயம்... இது நமக்குள்ள இருக்கட்டுமே. ரசிகர்களுக்கு அது ஒரு மாதிரி... அந்த மர்மம் போயிடும்."

"போகட்டும்."

"துக்கம்னு நம்பறாங்க மேடம்."

"யாரோட துக்கம்னு தெரிஞ்சிக்கட்டும்."

படத்தோடு சேர்த்து வெளியிட ஒரு பேட்டி எடுப்பதாக இருந்தார்கள். அத்தைக்காக வைத்திருந்த நாற்காலி, விளக்கு, எல்லாம் பக்கத்து அறையில் தயாராக இருந்தது. நோட்டில் இன்னும் பாதிப் படத்தின் நிறங்கள் பாக்கி. மூடிய நோட்டைத் தட்டிக்கொண்டே அத்தை சொன்னாள்: பேட்டியை மாமா கொடுப்பார், அதை வெட்டாமல் சேர்ப்பார்கள், பெயர்ப் பட்டியலில் வர்ணம் கலக்கியவள் என்று அவள் பெயர் வரும். மூன்றும் எழுத்தில் வந்த பிறகு நோட்டைத் திறப்பாள். குடுமி யோசித்தார். யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார் என்பதுதான் சரி; வேறு வழி இல்லை, நாளைக்கு வியாழக்கிழமை. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அத்தை அதை வாங்கி இரண்டு முறை படித்தாள். என்னிடம் கொடுத்து ஒருமுறை படிக்கச் சொன்னாள்.

மாமாவை விளக்குக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். முகத்தில் பவுடர் போட்டார்கள். பவுடர் பட்டதும் மாமாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது. அந்த மாதிரி ஆட்கள், கேமரா முன்னால் தூக்கு மேடை வைத்தாலும் தலையை வாரிக்கொள்வார்கள். அத்தை கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள், அவர் கண் தவறாமல் தன்மேல் படுகிற மாதிரி.

"ஓடுது சார்" என்றார் கேமரா வைத்திருந்தவர்.

மாமா தொண்டையைச் செருமினார். ஒரு பக்கமாகத் திரும்பி, தாடையை உயர்த்தினார்.

"அந்தக் காலத்துல கலைங்கறது..."

"நிறுத்துங்க" என்றாள் அத்தை. "டீயில ஆரம்பிங்க."